பட்டறைக்காரர் காசிக்குப் போகிறார்

சித்திரை பிறந்து பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் கோயமுத்தூரில் ஒரு வகை மனிதருக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். பதினொரு மாதமும் கணபதியிலோ பீளமேட்டிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரு லேத் பட்டறைக்குள் கிரீஸ் கையோடு நிற்பவர், மே மாதம் மட்டும் தேசிய நெடுஞ்சாலையில்தான் அகப்படுவார். வெள்ளை இன்னோவா, தலைக்கு மேல் தார்ப்பாய் போட்டு இறுக்கிய மூட்டை, பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும், ஸ்டியரிங்கில் அவர். ஒறம்பரைக்கெல்லாம் மாமா. மற்றவர்களுக்கு ஓனருங்.

ஊட்டிக்குப் போவதைப் பயணம் என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. அது மேட்டுப்பாளையத்துக்கு அக்கட்ட, அவ்வளவுதான். ரயிலும் ஆகாது. "அவன் நிறுத்துற எடத்துலதானுங்க எறங்கோணும்" என்பார். விமானத்தில் போங்களேன் என்று மகன் சொன்னால், "ஆகாசத்துல எவன்டா பம்புசெட் வெச்சிருக்கறான், எறங்கிப் பாக்கறதுக்கு?" என்று கேட்பார். போனால் காரில், அதுவும் தானே ஓட்டிக்கொண்டு, ஏழெட்டு மாநிலமாவது தாண்டிப் போக வேண்டும்.

இந்தப் பித்து ஊரின் ரத்தத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜி.டி. நாயுடு 1920இல் ஒற்றைப் பேருந்தை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கியவர். 1937இல் இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரும் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து இந்த ஊரில் செய்ததுதான். வண்டி, மோட்டார் என்ற அந்த இரண்டு சமாச்சாரத்தைத் தவிர உலகத்தில் மூன்றாவதாக ஒன்று உண்டென்று பட்டறைக்காரரை நம்பவைப்பது கஷ்டம்.

ஒரு வருடம் குஜராத், ஒரு வருடம் கோவா வழியாக ஷீரடி. ஆனால் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது காசிப் பயணத்தைத்தான். அம்மாவுக்கு வயசாகிறது, நடமாட்டம் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது வெளியே சொல்லும் காரணம். பெங்களூர் போய், நாற்பத்துநாலாம் நம்பர் நெடுஞ்சாலையைப் பிடித்து, ஐதராபாத், நாக்பூர் தாண்டி, ஜபல்பூர் வழியாக ஏறினால் போக வர 4,300 கிலோமீட்டருக்குக் குறையாது என்பது உள்ளே இருக்கும் காரணம்.

முந்தின நாள் வாசலைப் பார்த்தால் குடி மாறிப் போகிறார்கள் போலிருக்கும். ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, இரண்டு குக்கர், தூக்குப்போசிகள், பொள்ளாச்சித் தேங்காய் அரை மூட்டை, பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, டின் நிறையக் கச்சாயம். அத்தனைக்கும் மேலே கேன் கேனாகச் சிறுவாணித் தண்ணீர். காசிக்குத் தண்ணீர் சுமக்கும் குடும்பம் நாடு முழுக்க இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று மச்சினன் சொல்லிப் பார்த்தார். "கங்கை குளிக்கறதுக்கு மாப்ள. குடிக்கறதுக்குச் சிறுவாணிதான்." அந்தச் சிறுவாணி அணை கேரளத்தில் பாலக்காட்டு மாவட்டத்தில் இருக்கிறது, 1973இல் போட்ட 99 வருட ஒப்பந்தத்தால்தான் நம் குழாய்க்கு வருகிறது என்று யாராவது எடுத்துச் சொன்னால், விரல் விட்டு எண்ணிவிட்டு, "2072 வரைக்கும் நம்முளுதுதான், ஏறுங்" என்பார்.

"வெடியால மூணு மணிக்கு டாண்ணு வண்டியெடுத்தரோணும்" என்பது உத்தரவு. பெண்கள் இரண்டரைக்கே தலைவாரிப் பூ வைத்துத் தயாராக இருப்பார்கள். இவர்தான் போர் மோட்டார் சுவிட்சை அணைத்தோமா என்று ஒருமுறை, கேஸைத் திருகினோமா என்று ஒருமுறை, தொறப்பைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்க மூன்று முறை என்று உள்ளே போய் வந்துகொண்டிருப்பார். பிறகு பட்டறை ஷட்டரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவார். இதற்குள் நல்ல நேரம் கழிந்துவிடக் கூடாதே? அதற்கும் வழி வைத்திருக்கிறார். நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டியை மட்டும் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் நகர்த்தி நிறுத்திவிடுவார். சாஸ்திரப்படி புறப்பட்டாயிற்று. ஆட்கள்தான் ஏறவில்லை.

ஏறுவதிலும் முறை இருக்கிறது. முன் சீட்டு அம்மாவுக்கு. நடு வரிசை மனைவி, தங்கை, அவள் பெண். மூன்றாவது வரிசை எப்போதும் பெண் எடுத்த வீட்டாருக்கு. மடியில் ஒரு பை, காலடியில் தேங்காய் மூட்டை, காதோரம் குக்கர் கைப்பிடி என்று மச்சினன் ஏழு மாநிலத்தையும் அந்தக் கோணத்தில்தான் பார்த்துவிட்டு வருவார்.

நாற்பது கிலோமீட்டரில் அவிநாசி. "காசிக்கு வாசி அவிநாசி" என்று கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, பாதி காசி வந்துவிட்டதாக அறிவிப்பாள். அப்படியே திரும்பிவிடலாமே என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். முன் சீட்டுக்குக் கேட்காது. விஜயமங்கலம் டோல்கேட் தாண்டினால் சங்ககிரிப் பக்கம் வைகுந்தம் டோல்கேட். காசியில் போய் உயிரை விட்டால்தான் மோட்சம் என்பார்கள். இங்கே சேலம் வருவதற்குள்ளேயே வைகுந்தம் வந்து, ஃபாஸ்டேக்கில் பணமும் கழிந்துவிடுகிறது.

கழிந்துவிடுகிறது என்று சொல்வதுகூட இப்போது சரியில்லை. 2025 ஆகஸ்ட் 15இலிருந்து சொந்தக் காருக்கு வருடாந்தர பாஸ் வந்துவிட்டது. 2025இல் 3,000 ரூபாயாக இருந்த கட்டணத்தைக் கட்டினால் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஒரு வருடமோ 200 தடவையோ, எது முந்துகிறதோ அதுவரைக்கும் போகலாம். இந்தத் திட்டம் நம்மவர் சுபாவத்தையே மாற்றிவிட்டது. முன்பெல்லாம் டோல்கேட்டைக் கண்டால் முகம் சுருங்கும். இப்போது ஒவ்வொன்றையும் வரவு என்று நோட்டில் எழுதுகிறார். டோல்கேட் இல்லாத கிராமத்துச் சாலை கிட்டத்தில் போகும் என்று மகன் மேப்பைக் காட்டினால் கோபம் வருகிறது. "இன்னும் நூத்தி நாப்பது பாக்கி கெடக்குது, வெச்சுட்டு ஊறுகாயா போடறது?"

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறையின் பழைய டெலிவரி சலான் புத்தகத்தின் பின்பக்கம். டேங்க் நிரப்பினால் கிலோமீட்டர், லிட்டர், ரூபாய், மூன்றும் அதில் ஏறும். கர்நாடகாவில் டீசல் நம்மூரைவிடக் குறைவு என்பதால் ஓசூர் வரைக்கும் ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டிக்கொண்டு போவார். குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். எல்லையைத் தாண்டி முதல் பங்கில் வண்டி நின்றதும் இவர் வாயெல்லாம் பல்லாகிவிடும். ஏசி போட்டால் மைலேஜ் குறையும் என்பதால் அனந்தபூர் வரை ஜன்னல் காற்று. கர்நூலில் வெயில் 42 டிகிரிக்குப் போய்க் கிழவி கண்ணை மூடியதும் மருமகள் ஒரே ஒரு தடவை "ஏனுங்..." என்பாள். ஏசி ஓட ஆரம்பிக்கும். அந்த "ஏனுங்"குக்கு முன்னால் எந்தக் கணக்கும் நிற்பதை நான் பார்த்ததில்லை.

கூகுள் மேப்பில் பேசும் பெண்மணி மேல் அவருக்கு மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. "அந்தப் புள்ள எந்தக் காலத்துல இந்த ரோட்டுல வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, டீக்கடையில் இருப்பவரிடம் இந்தியில் விசாரிப்பார். அவர் இந்தியை எழுத்தில் கொண்டுவருவது சிரமம். "பாய்சாப், ஜபல்பூர் கிதருங்? சீதாவே போலாமுங்களா? கித்னா கிலோமீட்டருங்?" வடக்கத்திக்காரர்களுக்கு அர்த்தம் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ, மரியாதை முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு பேர் எழுந்துவந்து கை காட்டுவார்கள். ஒருவர் டீ வாங்கித் தருவார். வழி மட்டும் கடைசியில் மேப் சொன்னதாகவே இருக்கும்.

ஐதராபாத்தில் சார்மினாரைக் காருக்குள் இருந்தபடியே பார்த்தாயிற்று, பார்க்கிங் கிடைக்கவில்லை. ஆனால் நிஜாமாபாத்துக்கு என்று நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினார். அங்கே என்ன கோயில் என்று பெண்கள் கேட்டார்கள். மஞ்சள் மண்டி. ஈரோட்டுக்குச் சமமாக மஞ்சளுக்குப் பேர்போன ஊர் அதுதான். உள்ளே போய் ஒரு கிழங்கை உடைத்து மோந்து பார்த்து, விலை கேட்டு, ஈரோட்டு மண்டிக்கு ஃபோன் போட்டு அன்றைய விலையையும் கேட்டு, இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவரிடம் ஒரு செண்டு மஞ்சள்கூடக் கிடையாது. தேசிய மஞ்சள் வாரியத்தின் தலைமையகத்தை 2025 ஜூனில் இந்த ஊரில் திறந்தார்கள் என்று தெரிந்ததும் ஆதிலாபாத் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், "ஈரோட்டுக்கு என்னடா கொறச்சல்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

முகம் தெளிந்தது ஒரு ரிக் லாரியால். தார்ச்சாலை உருகுகிற மத்தியானத்தில், புளியமரத்தடியில் போர் போடும் வண்டி. நம்பர் டி.என். 34. திருச்செங்கோடு! பிரேக் அடித்த வேகத்தில் தேங்காய் மூட்டை மச்சினன் காலில் ஏறியது. "எந்தூருங்?" "நம்முளுது மல்லசமுத்திரமுங்." அடுத்த இரண்டு கேள்வியில் இவருடைய சித்தப்பா மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பக்கத்து ஊர் என்று தெரிந்தது. மூன்றாவது கேள்வியில் டிரைவர் மாப்பிள்ளை முறையாகிவிட்டார். அடுப்பை இறக்கி, ஈரோட்டு மஞ்சளைத் தூக்கலாகவே போட்டு (நிஜாமாபாத்துக்குப் பதில் சொல்ல வேண்டாமா), அரிசிம்பருப்புச் சோறு பொங்கி, தேங்காயெண்ணெய் ஊற்றி, ரிக் வண்டிப் பையன்களுக்கும் போட்டார்கள். அதற்கு முந்தைய நாள் தாபாவில் வந்த தால் தட்காவைப் பற்றி அவர் சொன்ன தீர்ப்பு: "பருப்பு, தாளிச்சிருக்கறான். அவ்வளவுதான்."

பார்க்க வேண்டிய இடங்களையும் பார்த்தார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. நாக்பூரில் ஜீரோ மைல் தூண் இருக்கிறது. ஐதராபாத்துக்கும் ஜபல்பூருக்கும் எத்தனை மைல் என்று செதுக்கியிருக்கும் அந்தக் கல்லைச் சுற்றிவந்து கோயமுத்தூரைத் தேடினார். இல்லை. வெள்ளைக்காரன் ஆட்சியின் குறைகளில் ஒன்றாக அதையும் சேர்த்துக்கொண்டார். ஜபல்பூருக்குப் பக்கத்தில் பேடாகாட்டில் நர்மதை புகையாகக் கொட்டும் தூவாந்தார் அருவி. எல்லோரும் செல்ஃபி எடுக்க, இவர் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். இயற்கையில் லயித்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். "இத்தன தண்ணியத் திருப்பி மேல ஏத்தோணும்னா எத்தன ஹெச்.பி. வேணும்?" என்று கேட்டார்.

வழியில் வயலோரம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் வண்டி தானாக நிற்கும். இறங்கிப் போய் நேம் பிளேட்டைத் துடைத்துப் படிப்பார். கோயமுத்தூர் என்றிருந்தால் அந்த விவசாயியோடு ஃபோட்டோ. வேறு ஊர் பேர் இருந்தால், "பாவம், நல்ல மனுசன், ஆரோ ஏமாத்திப்போட்டான்."

காசி மே மாதத்தில் காய்ச்சின இரும்பு. கேதார் காட் படிக்கட்டில் கிழவியால் இறங்க முடியவில்லை. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மாவைத் தூக்கிக்கொண்டே இறங்கினார், குளிப்பாட்டினார், தூக்கிக்கொண்டே ஏறினார். படகுக்காரர் சொன்ன தொகையை அப்படியே எடுத்துக் கொடுத்தார். பேரம் பேசவில்லை. நோட்டிலும் அது ஏறவில்லை. ஆனால் திரும்பும்போது ரீவா வரைக்கும், "கொஞ்சம் கொறச்சுக் கேட்டிருக்கலாமோ?" என்று இரண்டு தடவை மனைவியிடம் கேட்டார்.

காசிக்குப் போனால் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை விட வேண்டும் என்பது சம்பிரதாயம். மடத்துத் தம்பிரான் முறையாக விளக்கிச் சொன்னார். இவர் பணிவாக, "சாமி, சப்பாத்திய விடலாமுங்களா?" என்று கேட்டார்.

விசுவநாதர் கோயில் சந்தில் மகனுக்கு டீ-ஷர்ட் எடுக்க நின்றபோது கடைக்காரர் இவர் இந்தியைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, "ஏனுங்ணா, கோயமுத்தூருங்களா?" என்றார். அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவராம். பாசம் பொங்கியது. வியாபாரம்தான் நடக்கவில்லை. அந்தச் சட்டை திருப்பூரில் என்ன விலைக்குக் கட்டாகிறது என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. ஒருவர் ஏற்றவும் முடியவில்லை, மற்றவர் இறக்கவும் முடியவில்லை. டீ குடித்துவிட்டுப் பிரிந்தார்கள்.

ஊர் திரும்பியதும் கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது காசி எப்படி இருந்தது என்று கேட்பார்கள். "லிட்டருக்குப் பதினாலு குடுத்துச்சுங்க. ஒரே ஒரு பஞ்சர்" என்று பதில் வரும். கங்கைத் தண்ணீர்ச் சொம்பு எல்லா வீட்டுக்கும் ஒன்று போய்ச் சேர்ந்திருக்கும். கிழவி மட்டும் படித்துறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். மகன் தூக்கிக்கொண்டு இறங்கினதை ஒரு படி விடாமல் சொல்வாள். அந்த இடம் வரும்போதெல்லாம் இவர் வண்டியில் ஆயில் பார்க்க எழுந்து போய்விடுவார்.

அடுத்த சித்திரைக்கு ராஜஸ்தான் என்று கேள்வி. வழித்துணைக்கு உங்களைக் கூப்பிட்டால் தட்டாமல் போங்கள். சோற்றுக்குக் குறைவிருக்காது, ஊர் பார்ப்பதைவிட நல்ல பேச்சுக் கிடைக்கும். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். மூன்றாவது வரிசையில் ஏறாதீர்கள். சித்த நேரம் நான் ஓட்டட்டுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.