ஈட்டியும் மேப்பிளும்: தென்காசி வட்டாரக் கொடைக் கச்சேரிகளை முன்வைத்து ஒரு பன்முக நோக்கு

இயல் 1: களமும் வேலியும்

மின் பேஸ் கிட்டாரின் கழுத்தில் விரல் பதியும் மேற்பலகையை ப்ரெட்போர்டு என்பர். அது ஈட்டி மரமாக இருக்க வேண்டுமா, மேப்பிளாக இருக்க வேண்டுமா என்ற வினா அறுபது ஆண்டுக்கு மேலாகப் புகைந்துகொண்டிருக்கிறது. தென்காசி, குற்றாலம் பக்கத்து அம்மன் கோயில் கொடைகளில் நடக்கும் இன்னிசைக் கச்சேரிகளைக் கொண்டு அவ்வினாவைத் தீர்த்துவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஏன் தென்காசி என்று கேட்கக் கூடாது. ஆய்வாளரின் மாமனார் வீடு எங்கேயோ அங்கேயே களப்பணி என்பது தமிழ் ஆய்வுலகின் நிலைபெற்ற மரபு.

தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22. அதற்கு முன் இவ்வட்டாரத்தில் எழுந்த கருத்துகள் யாவும் திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் சேரும் என்பதால் அவை நம் எல்லைக்கு அப்பாற்பட்டவை. எல்லையைக் குறுக்குவதே ஆய்வு நேர்மை என்று நெறியாளர்கள் சொல்லித்தந்தார்கள். படிக்க வேண்டியது குறையும் என்பதை நாமே கண்டுகொண்டோம்.

கட்சிகள் இரண்டு. ஈட்டியில் நாதம் கனிந்து உருண்டு வரும் என்பது ஒன்று. மேப்பிளில் பளிச்சென்று வெட்டிக்கொண்டு வரும் என்பது மற்றொன்று. கச்சேரி கேட்க வந்தவர்கள் என மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. மேடையில் பேஸ் என்றொரு வாத்தியம் இருப்பதையே அவர்கள் கவனிப்பதில்லை. எண்ணிக்கையில் மிகுதியாயினும் அவர்கள் ஆய்வுக்கு உதவார்.

இயல் 2: மூலமும் உரையும்

லியோ பெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் கழுத்தும் ப்ரெட்போர்டும் ஒரே மேப்பிள் துண்டு. 1959-இல் மேலே ஈட்டிப் பலகை ஒட்டத் தொடங்கினார். 1960-இல் வந்த ஜாஸ் பேஸ் ஈட்டியோடே பிறந்தது. மாற்றத்துக்குக் காரணம்? மேப்பிளின் மேற்பூச்சு தேய்ந்தால் விரல் பட்ட இடமெல்லாம் அழுக்கேறிக் கறுக்கும். அது தொலைக்காட்சியில் பார்க்கச் சகிக்கவில்லை என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். ஆக, பின்னாளில் காதுக்காக இத்தனை உரைகள் எழுந்த மாற்றம், மூலத்தில் கண்ணுக்காக நிகழ்ந்தது. மூலம் ஒன்று சொல்ல உரை வேறொன்று சொல்வது நமக்குப் புதிதல்ல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஈட்டி வைத்த பெண்டர் பேஸிலும் கழுத்து மேப்பிள்தான். ஈட்டி மேலே சில மில்லிமீட்டர் மட்டுமே. ஈட்டிக் கட்சியார் தம் கொள்கையை விரல்நுனியாலும் எதிர்க்கட்சியை உள்ளங்கையாலும் பிடித்தபடிதான் வாசிக்கிறார்கள்.

சான்றோர் வழக்குக்கு வருவோம். மோட்டவுன் இசை நிறுவனத்தின் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்தது 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன், ஈட்டி. மார்க்கஸ் மில்லரின் புகழ்பெற்ற 1977 ஜாஸ் பேஸ் மேப்பிள். ஜேமர்சன் அறுந்தாலொழியக் கம்பி மாற்றாதவர் என்பது ஊரறிந்த செய்தி. ஆயினும் அவருடைய கனிவு முழுவதும் ஈட்டியின் பேரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. பழைய கம்பிக்கு வரவு இல்லை, ஏனெனில் பழைய கம்பிக்குக் கட்சி இல்லை. ஜாகோ பாஸ்டோரியஸ் தம் 1962 ஜாஸ் பேஸில், ப்ரெட் எனும் உலோகக் குறுக்குப் பட்டைகள் பிடுங்கப்பட்ட பலகைமேல் படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசிக்கொண்டார். அவர் கம்பி தொட்டது பிசினை. ஈட்டிக் கட்சி இன்றும் அவரைத் தன் ஆசாரியராகவே கொண்டாடுகிறது.

ப்ரெட் உள்ள பேஸில் விரல் அழுத்தும்போது கம்பி உட்காருவது மரத்தில் அன்று, உலோக ப்ரெட்டில். கீழே காத்திருக்கும் பிக்கப் ஒரு காந்தம். அது அறிவது உலோகக் கம்பியின் அசைவை. கழுத்தின் விறைப்பு அதிர்வில் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. இதையெல்லாம் எடுத்துச் சொல்லும் இயற்பியலாரை வெறுப்பதில் மட்டும் இரு கட்சியும் ஒற்றுமை.

என் கருத்து இது: கறுத்த மரம் என்பதால் கனத்த நாதம், வெளுத்த மரம் என்பதால் வெளிச்சமான நாதம். கண் எழுதிக் கொடுத்ததைக் காது வாசிக்கிறது. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., எது கம்பன் பாட்டு, எது இடைச்செருகல் என்பதைக் காதைக் கொண்டே தீர்மானித்தார். பண்டிதர்கள் கொதித்தார்கள். அவர்களுக்கு ஏடு தெரிய வேண்டும். ப்ரெட்போர்டுப் பண்டிதர்களுக்கு மரம் தெரிய வேண்டும். (வாய்மொழி, டீக்கடை.)

இயல் 3: இலக்கணச் சான்று

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் வகுக்கும். ஈட்டியில் ப்ரெட்போர்டுக்கு எடுப்பது உள்வயிரம், ஐயமின்றி மரம். மேப்பிளிலோ விலைபோவது பெரும்பாலும் வயிரத்தைச் சுற்றியுள்ள வெளிறு. ஆகவே மேப்பிள் ப்ரெட்போர்டை மரம் என்னவும் நா எழவில்லை, புல் என்னவும் துணிவில்லை. இதற்கென மூன்றாவது நூற்பா ஒன்று இருந்து கடல்கோளில் போயிருக்க வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்வதற்கு முன் நான் சொல்லிவைக்கிறேன்.

திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் மலையின் குரங்கைக்கூட விடாமல் பாடியவர். பேஸ் கிட்டாரைப் பாடவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்ததைப் புலவர் பாட வேண்டியதில்லை என்ற விதிப்படி, இது 18-ஆம் நூற்றாண்டில் மேலகரம் பகுதியில் பேஸ் மலிந்திருந்ததற்கு வலுவான சான்று. (வாய்மொழி, அதே டீக்கடை, பெஞ்சின் மறுமுனை.)

இயல் 4: கருங்காலி

எல்லாம் மாலையாகி மனிதக் கழுத்துக்குப் போய்விட்டதால் கிட்டார் கழுத்துக்கு மிச்சமில்லை.

இயல் 5: பாவ் பெர்ரோ

2017-க்குப் பின் சில பேஸ்களில் ஈட்டியின் இடத்துக்கு வந்த தென்னமெரிக்க மரம். கட்சி சேராததால் விடப்பட்டது.

இயல் 6: எண்ணெய்

இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே.

ஈட்டிப் பலகைக்குப் பெரும்பாலும் மேற்பூச்சு இல்லை. துளை திறந்த மரம்; உலர்ந்தால் எண்ணெய் தடவித் துடைப்பர். மேப்பிளுக்கு வார்னிஷ் போன்ற பூச்சு உண்டு. எண்ணெய் உள்ளே இறங்காது. எனவே உலகின் ப்ரெட்போர்டுகளை மர வகையால் பிரிப்பதை விட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பவை, தேய்க்காமல் குளிப்பவை என்று பிரிப்பதே முறை. இவ்வுண்மை மோட்டவுனின் டெட்ராய்ட்டிலோ பெண்டரின் கலிபோர்னியாவிலோ புலப்பட வழியே இல்லை. குற்றாலப் பேரருவிக்குப் போகும் வழியில் உடம்பு முழுக்க எண்ணெய் பளபளக்க வரிசையில் நிற்பவர்களைக் கண்டவனுக்கே புலப்படும். அருவியில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. தீர்ப்பு ஈட்டிக் கட்சிக்கு எதிரானதென மேப்பிள் கட்சி கொண்டாடியிருக்கலாம். தீர்ப்பு அவர்களுக்கு எட்டவில்லை.

அடுத்து, எந்த எண்ணெய்? இங்கேதான் மாநிலச் சீரமைப்பு குறுக்கிடுகிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தென்காசி சென்னை மாநிலத்தில். மேற்கே தேங்காய் எண்ணெய், கிழக்கே நல்லெண்ணெய் என்று கொள்க. பிரிசிஷன் பேஸ் பிறந்தது 1951. ஆகவே 1951 முதல் 1956 வரை, அதாவது ஐந்தாண்டுக் காலம், உலகில் பேஸ் இருந்தது. செங்கோட்டை இந்தப் பக்கம் இல்லை. அவ்வைந்தாண்டில் எல்லை தாண்டிவந்த பேஸ் ஒன்றுக்கு எந்த எண்ணெய் தடவியிருப்பர் என்பது பற்றி ஆவணங்கள் முழு மௌனம் காக்கின்றன. அப்போதைய பேஸ்கள் எல்லாம் மேப்பிள், எண்ணெயே தேவைப்படாது என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். அவர்களை வேறு கருத்தரங்குக்கு அழைத்துக்கொள்ளலாம். (கையெழுத்துக் குறிப்பு, நான்கு தாள், தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் எப்போதும் வீசும் காற்றில் முதல் மூன்று தாள் பறந்தன, எஞ்சிய தாளில் அடிக்குறிப்பு மட்டும் உள்ளது, அது மேலது என்கிறது.)

சால்னாவுக்கு வருவோம். கச்சேரி முடிந்த குழு வண்டியை எங்கே நிறுத்தும் என்பது இவ்வட்டாரத்தில் கேள்வியே அல்ல. பிரானூர் பார்டரில் பரோட்டா. கல்லிலிருந்து எடுத்து, அடித்துப் பிரித்து, சால்னா ஊற்றி ஊறவைத்து, வலது கையால் பிசைந்து உண்பது. வலக்கைக்காரரான பேஸ்காரருக்கு ப்ரெட்போர்டைத் தொடுவது இடக்கை. சால்னா படிவது வலக்கையில். ஆகவே அவர் சுத்தமானவர் என்று முன்னாய்வாளர்கள் அவசரப்பட்டிருப்பார்கள். தட்டைப் பிடிப்பது, தண்ணீர் டம்ளரைத் தூக்குவது, காடை வறுவலைப் பக்கத்து இலையிலிருந்து நகர்த்துவது ஆகிய மூன்றும் இடக்கையின் தொழில். இம்மூன்றாலும் சால்னா இடம்பெயர்கிறது. இதற்கு இடப்பெயர்வுக் கோட்பாடு என்று பெயரிடுகிறேன். கோட்பாட்டுக்குப் பெயரிட்ட பின்தான் அதை மற்றவர் மேற்கோள் காட்ட முடியும். மேற்கோள் வந்தால்தான் பதவி உயர்வுக்குப் புள்ளி.

இடம்பெயர்ந்த சால்னா மேப்பிளில் பூச்சு தேய்ந்த இடத்தில் தங்கி, மஞ்சள் திட்டாக நின்று, உண்டவனைக் காட்டிக்கொடுக்கும். ஈட்டி விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல இருக்கும். பழைய ஈட்டி பேஸ்களில் கேட்பதாகச் சொல்லும் அந்தக் கனிவு மரத்தின் வயதால் வந்ததா, உள்ளே இறங்கிய தலைமுறைச் சால்னாவால் வந்ததா என்பது திறந்த வினா. (வாய்மொழி: சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர், ஆம்ப்ளிபையர் பெட்டிமேல் அமர்ந்தபடி, கொடை இரண்டாம் நாள், சாமத்துக்குப் பின், இடையே ஜெனரேட்டர் நின்றுபோனதால் ஒரு வாக்கியம் சிதைவு, அவ்வாக்கியம் சால்னா பற்றியது என்பார் ஒரு சாரார், டீசல் பற்றியது என்பார் மறுசாரார், டீசல் எனக் கொள்ளின் இவ்வியல் முழுதும் பிழை, ஆதலின் சால்னா எனக் கொள்க.)

இயல் 7: ஆறு மில்லிமீட்டர்

நம்மைவிட நுட்பமான பண்டிதர்கள் இருக்கிறார்கள் என்பதை இங்கே தாழ்மையுடன் பதிவு செய்ய வேண்டும். இந்திய ஈட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரிய மரம். சொந்தப் பட்டாவில் நின்றாலும் நினைத்தபடி வெட்ட முடியாதபடி தமிழ்நாடு 1994-இல் ஈட்டி மரங்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 2017 ஜனவரியில் ஈட்டிப் பேரினம் ஏறத்தாழ முழுவதும் பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஏறியது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறும் கலைஞர்கள் கலங்கினார்கள். விற்பனையாளர்கள் தாள் நிரப்பியே களைத்தார்கள். 2019-இல் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது.

2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் கிட்டார் ஆலைகளுக்குள் புகுந்து, இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலிப் பலகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். வாதத்தின் நெஞ்சு, மரத்தின் கனம். 6 மில்லிமீட்டருக்கு உட்பட்டால் அது மெல்லிய மேல்தகடு, ஏற்றுமதி ஆகலாம். தாண்டினால் அறுத்த பலகை, ஆகாது. அதையே வாத்திய உறுப்பு என்று எழுதினால் மூன்றாவது எண். ஒரே துண்டு, ஒரே மரம், மூன்று பிறவி. மடகாஸ்கர் கருங்காலிக்காக 2009-இல் நடந்த சோதனையையும் சேர்த்து, 2012-இல் 3 லட்சம் டாலர் அபராதத்தோடு விவகாரம் முடிந்தது. நாதம் கனிவா, பளிச்சா என்ற வினாவை வழக்கில் எவரும் எழுப்பவில்லை. திருக்குறள் உரைவேற்றுமையில் நாற்பதாண்டு ஊறியவரும் ஸ்கேலை வைத்து ஒரு மில்லிமீட்டருக்குப் பொருள் காணும் சுங்க அதிகாரி முன் கைகட்டி நிற்கத்தான் வேண்டும்.

இயல் 8: களத்தில் கண்டது

பேஸின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். மேடையருகே பெட்டி ஸ்பீக்கர்கள் இருக்கும். தள்ளிப் போகப் போகக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். அதற்குச் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே குரல் கிடையாது. ஆகவே ஈட்டியின் கனிவும் மேப்பிளின் பளிச்சும் மேடையை விட்டு இறங்கியதும் அடித்தளமற்றுப் போகின்றன. தெருக்கோடியில் கேட்பது பேஸின் நிழல்.

பெட்டி ஸ்பீக்கர் அருகே போனாலும் விடுதலை இல்லை. அங்கே மின்சார இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் உறுமுகிறது. அதே தடித்த கம்பியில் மூன்றாம் ப்ரெட் தருவது 49. ஆகவே ஜெனரேட்டர் இரவு முழுக்க மூன்றாம் ப்ரெட்டை, சிறிது சுருதி ஏறி, ப்ரெட்போர்டே இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கிறது. இளையராஜா பாட்டு வரும்போது கூட்டம் எழுந்து ஆடுகிறது. எண்பதுகளில் அந்த பேஸ் நடைகளை ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த சசிதரன் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. அவர் கையில் இருந்த மரத்தைக் கேட்பவரும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் முதலாவதுக்கு மட்டுமே.

இப்போதெல்லாம் பல குழுக்களில் பேஸ் வருவது கீபோர்டின் இடக்கையிலிருந்து அல்லது பென் டிரைவிலிருந்து. பென் டிரைவ் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பென் டிரைவில் நாதம் கனிவா, உலோகப் பென் டிரைவில் பளிச்சா என்பது அடுத்த ஆய்வாளருக்கு.

இயல் 9: பரிந்துரை

இரு கட்சியும் சமரசம் ஆக ஒரே வழி, பலா. குற்றாலநாதர் கோயிலின் தல விருட்சம் குறும்பலா. சம்பந்தர் அதற்கெனத் தனிப் பதிகமே பாடியிருக்கிறார். மேப்பிளுக்குப் பதிகம் கிடையாது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் பலாவே மரம் என்பதால் நாதத் தகுதியை எவரும் கேள்வி கேட்க முடியாது. தல விருட்சத்தை யாரும் தொட வேண்டாம், வேறு பலா போதும்.

கறுப்பும் அல்லாமல் வெளுப்பும் அல்லாமல் பலா மஞ்சள் நிறம். இரண்டாம் இயலின் கொள்கைப்படி அதன் நாதம் மஞ்சளாக இருக்கும். மஞ்சளான நாதம் எத்தகையது என்பதை வரையறுக்க ஒரு குழு அமைக்கப்பட வேண்டும். சால்னாக் கறையும் அதே நிறம் என்பதால் மரம் எது, கறை எது என்று பிரித்தறிய முடியாமல் போகும். அந்நிலையில் ஆறாம் இயலை முழுவதும் திரும்ப எழுத நேரும். நிதிநல்கை வந்ததும் பிரானூர் பார்டரில் களப்பணி தொடங்கும், உணவுப்படி தனி.