சிரட்டைக்கு என்ன நிறம்?

கேள்வி: குப்பையைத் தரம் பிரித்துக் கொடு என்கிறார்கள். ஐந்து நிறத் தொட்டிக்கு வீட்டில் இடமேது?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: தொட்டி எதற்கு? பழைய உரப்பைகள் போதும். இலங்கையின் நிறக்கணக்கு இது: சமையலறைக் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். தேங்காய்ச் சிரட்டையும் கபிலத்தோடுதான் சேர்த்தி.

சிரட்டைக்கு இவ்வளவு மரியாதையா என்று கிண்ணியாவில் யாரும் கேட்கமாட்டார்கள். 2017 மார்ச்சில் டெங்கு இங்கே பல உயிர்களைக் கொண்டுபோனது. பள்ளிக்கூடங்களையே மூட வேண்டி வந்தது. வளவில் கவிழ்க்காமல் கிடக்கும் சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர் எல்லாம் நுளம்புக்கு வாடகையில்லா வீடு. மழைநீர் தேங்கினால் பத்து நாளுக்குள் முட்டை நுளம்பாகிவிடும்.

அந்த டெங்குக்கு அடுத்த மாதமே, ஏப்ரல் 14 அன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பின், செப்டெம்பரில், சோறு கட்டும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டுக்குத் தடை வந்தது.

கிழக்கில் வேறு கதை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் தரம் பிரிக்கும் வேலையை யானைகள் எடுத்துக்கொண்டன. சோற்று வாசனைக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கி, எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022இல் செய்தி வந்தது.

கிண்ணியா வீடுகளின் உண்மையான சிக்கல் மீன் கழிவு. அது பச்சைப் பையில் ஒரு பகல் இருந்தால் தெருவே சாட்சி சொல்லும். வளவு இருந்தால் ஆழக் குழி வெட்டிப் புதைக்கலாம். பூனைகள் ஆட்சேபம் தெரிவிக்கும், பொருட்படுத்த வேண்டாம்.