உப்புதலும் வீங்குதலும்: சக்குபள்ளத்துச் சான்றுகளுடன் ஒரு முன்னாய்வு

ஆடி மழை பிடித்துக்கொண்டால் இடுக்கி மாவட்டம் சக்குபள்ளத்தில் அளவு மாறாமல் இருப்பது கூலி மட்டுமே. கதவு உப்பும், கால் வீங்கும், கடன் பெருகும். ஒவ்வொன்றும் ஏன் தனி வினைச்சொல் கேட்கிறது என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதற் கருதுகோள்: வலித்தால் வீக்கம், வலிக்காவிட்டால் உப்பல். கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏலக்காய் எடுக்க வரும் பெண்கள் கணுக்கால் "வீங்கிருச்சு" என்பார்கள். பூரி "உப்பிருச்சு" என்பார்கள். ஆனால் வயிறு உப்பினாலும் வலிக்கிறதே? கருதுகோள் அங்கேயே படுத்துவிட்டது.

இரண்டாவது: உள்ளே காற்றோ ஆவியோ இருந்தால் உப்பும். பூரி இதற்கு அடங்கும். நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். வயிறும் அடங்கும். கதவுதான் அடங்க மறுக்கிறது. மரம் ஈரத்தைக் குடித்து இழைக்குக் குறுக்கே பருக்கும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால்தான் கதவு பக்கச் சட்டத்தில் போய்ச் சிக்குகிறது. காற்றுக்கு இதில் வேலையே இல்லை. ஆனாலும் ஆசாரி இழைப்புளியை எடுக்குமுன் சொல்வது "உப்பிருச்சு"தான்.

ஆங்கிலம் படிக்கும் சீன மாணவருக்கும் இதே தலைவலி. அவர் மொழியில் கால் வீங்கினால் 'ஜோங்', வயிறு உப்பினால் 'ஜாங்'. ஆங்கிலத்திலோ காலும் கதவும் 'ஸ்வெல்', வயிறு 'ப்ளோட்'. அவர் ஒருமுறை ஏலக்காட்டுக்குள் இறங்கினால் போதும். மிச்சத்தை அட்டை கற்றுக்கொடுக்கும்.

அட்டை ஏறும்போது நூல், இறங்கும்போது திராட்சை. தன் எடையைப்போலப் பல மடங்கு இரத்தம் குடித்து அது உப்புகிறது. கடிபட்ட இடம் வீங்குகிறது. இரத்தம் ஒன்று, வினை இரண்டு! இதிலிருந்து மூன்றாம் கருதுகோள் பிறக்கிறது: வாங்கியது உப்பும், கொடுத்தது வீங்கும். மழையை வாங்கிய கதவும் சோற்றை வாங்கிய வயிறும் இதற்குச் சாட்சி. (உப்பிய அட்டையைச் சுருக்கத் தோட்டத்தில் போடுவதும் உப்பே. ஈரத்தோலிலிருந்து அது நீரை இழுத்துவிடும். இலக்கணிகள் இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம்.)

எஞ்சியிருக்கும் ஒரே முட்டுக்கட்டை ஏலக்காய். மாதக்கணக்கில் மழையை வாங்கியும் அதை யாரும் உப்பியதாகச் சொல்வதில்லை, "திரண்டிருக்கு" என்கிறார்கள். ஸ்டோரில் (உலர்கூடத்தில்) 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் உலர்ந்து, ஐந்து கிலோ பச்சைக்காய் ஏறக்குறைய ஒரு கிலோ ஆன பிறகும், 8 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கினால் அது திரண்ட காயே. அது விற்பவர் வழக்கு. புற்றடியிலோ போடியிலோ ஏலம் கேட்க வந்தவர் அதே காயை நசுக்கிப் பார்த்துவிட்டு, "பொக்கு" என்கிறார்.