கடகடவோ, கடக் கடக்கோ?

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒருவர், ஹாரோவில் ஒருவர், டூட்டிங்கில் ஒருவர். பெயரும் முகமும் வேறு. கழுத்து மப்ளரும் டிசம்பரிலும் கழற்றாத ரப்பர் செருப்பும் மூவருக்கும் பொது. எவருக்கும் கராஜ் கிடையாது. ஒருவர் பெட்ரோல் ஷெட்டில் இரவு வேலை, ஒருவர் தபால் பிரிக்கிறார், மற்றவர் ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறார். ஆனால் அவரவர் வட்டாரத்தில் எந்தத் தமிழரின் கார் முனகினாலும் முதல் போன் அங்குள்ள அண்ணைக்குத்தான்.

"அண்ணை, கார் ஒரு சத்தம் போடுது."

"என்ன மாதிரி?"

"கடகட எண்டு."

"கடகடவோ, கடக் கடக்கோ? ரெண்டுக்கும் ஆயிரம் பவுண்ட் வித்தியாசம், தம்பி. வடிவாச் செய்து காட்டு."

கணக்காளராக வேலை பார்க்கும் தம்பி அலுவலக நடையில் நின்று, சுவரைப் பார்த்தபடி, வாயால் எஞ்சின் ஓட்டிக் காட்டுவார். அண்ணைக்குத் திருப்தி வராது. "இது நிக்கேக்கை. ஓடேக்கை செய்."

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆயிரம் பவுண்ட் கணக்கில் விஷயம் இருக்கிறது. கடகட என்பது பெரும்பாலும் புகைக்குழாய்மேல் வெப்பத்தை மறைக்கும் தகடு. லண்டன் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு தகட்டின் பிடியை அரித்துவிடும். ஒரு ஜூபிலி கிளிப் போட்டு இறுக்கினால் முடிந்தது. (1921-இல் இந்தக் கிளிப்புக்குக் காப்புரிமை வாங்கியவர் லம்லி ராபின்சன் என்ற முன்னாள் கடற்படைக்காரர். அண்ணையின் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.) கடக் கடக் என்று ஆழத்திலிருந்து வந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கனத்தால், கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது. அப்போது அண்ணை அதைப்பற்றி ஒன்றும் பேசமாட்டார், பேச்சை மாற்றி, "பஸ் பாஸ் இருக்கோ?" என்று கேட்பார்.

நேரில் வரும்போது கையில் நீண்ட ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்று. நுனியை ஆல்டர்னேட்டரின் உடம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்துக் கண்ணை மூடுவார். 1816-இல் பாரிஸில் லெனெக் என்ற வைத்தியர் கண்டுபிடித்த ஸ்டெதஸ்கோப்புக்கும் இதுதான் வேலை. ஆனால் நோயாளியின் நெஞ்சில் பெல்ட் சுற்றுவதில்லை. ஆகவே மப்ளரை மட்டும் முன்னதாகச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொள்வார்.

ஈரமான காலையில் கீச் என்று கத்தினால் பெல்ட். ஓடும்போதே அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார்: சத்தம் கூடினால் இழுவிசை குறைந்து வழுக்குகிறது, அடங்கி மறுபடி வந்தால் கப்பிகள் நேராக இல்லை. குளிரில் டிக் டிக் என்று தொடங்கி, சூடானதும் ஓய்ந்தால், புகை வெளியேறும் இடத்தில் கசிவு. இரும்பு சூட்டில் விரிந்து ஓட்டையைத் தானே மூடிக்கொள்கிறது.

வேகத்தோடு கூடும் உறுமலென்றால் வழக்கு நார்த் சர்க்குலர் ரோட்டுக்குப் போகும். ஜனவரியானாலும் கண்ணாடிகள் இறக்கப்படும், ரேடியோ நிறுத்தப்படும். பின்சீட்டில் இருக்கும் கார்க்காரரின் மனைவிக்கும் உத்தரவு வரும்: "தங்கச்சி, ரெண்டு நிமிஷம் கதையாதையுங்கோ." இடப்பக்கம் திரும்பும்போது உறுமல் கூடினால் பாரம் ஏறுவது வலப்பக்கச் சக்கரத்தில், அந்த பேரிங்தான் குற்றவாளி. தங்கச்சி நடுங்குவது குளிரிலா கோபத்திலா என்று பிரித்தறிய மட்டும் அண்ணையிடம் கருவி இல்லை.

இந்தக் காது யாழ்ப்பாணத்தில் பழகியது. அவர் பேச்சில் ஏ40 என்று வந்தால் கவனமாக இருக்கவேண்டும்: ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் போகும் ரோடா, ஊரில் வாடகைக்கு ஓடிய ஆஸ்டின் காரா? 1990-இல் பொருளாதாரத் தடை வந்து பெட்ரோல் மறைந்தபோது, அந்த ஆஸ்டின்களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில சொட்டுப் பெட்ரோல் காட்டி உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் நேரங்கெட்டு வெடிக்கும், எஞ்சின் உள்ளுக்குள் இடிக்கும். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால்தான் தாங்கின. உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் எந்த இடியைப் பொறுக்கலாம், எதற்கு உடனே நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவன்தான் வீடு போய்ச் சேர்ந்தான்.

லண்டன் கராஜில் காது கொடுப்பதற்கு முன்னரே கம்ப்யூட்டரை மாட்டுவார்கள், அதற்கும் ஒரு கட்டணம் எழுதுவார்கள். தேய்ந்த பேரிங்கையும் ஆடும் தகட்டையும் அந்தப் பெட்டி அறியாது. எம்ஓடி என்ற ஆண்டுப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் அண்ணை வீட்டு வாசலில் கார்கள் வரிசை கட்டுவதில் நியாயம் இருக்கிறது. அதற்காக அவர் சொல்வதெல்லாம் வேதமில்லை. பல எஞ்சின்களில் டாப்பெட் இடைவெளியை எண்ணெய் அழுத்தமே சரிசெய்துகொள்ளும் காலத்தில், இவர் இன்னும் அதை அளக்கும் ஃபீலர் கேஜைத் தேடுவார். செருக வழியில்லை என்று கண்டதும் ஜப்பான்காரனைத் திட்டுவார்.

அவருக்கு இப்போது கெட்ட காலம். 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் என்ற புகைக் கட்டண வலயம் லண்டன் முழுவதும் விரிந்து, விதிக்குள் வராத கார் ஓடுகிற நாளுக்கு 12.50 பவுண்ட் கேட்கிறது. வாசலுக்கு வந்துகொண்டிருந்த பழைய டீசல்கள் விலைப்பட்டுப் போயின. ஹைபிரிட் கார்கள் சிக்னலில் நின்றால் மூச்சுக்கூட விடுவதில்லை. "செத்துப்போச்சோ எண்டு நினைச்சன்" என்பார், உண்மையான கவலையோடு.

கடைசியாக வந்த அழைப்பு ஒரு ப்ரியஸ்காரருடையது. விடிய ஸ்டார்ட் பண்ணினாராம். தெருவே எழும்பி ஜன்னல் திறந்ததாம். செய்து காட்டும்படி அண்ணை கேட்கவே இல்லை. போனிலேயே தீர்ப்பு:

"கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் களவெடுத்துப் போட்டாங்கள். உள்ளுக்கை பலேடியமும் ரோடியமும் இருக்கு. ஹைபிரிட்டிலை எஞ்சின் அரைவாசி நேரம் நித்திரை. அதாலை சாமான் தேயாமல் புதுசா இருக்கும். கள்ளனுக்கு அது தெரியும். பொலிசுக்கு அறிவி, இன்சூரன்சுக்குச் சொல்லு."

"அப்ப நீங்கள் வரத் தேவையில்லையோ, அண்ணை?"

"தேவையில்லை." சிறிது யோசித்தார். "ஆனா போனை வையாதை. ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு, கேப்பம்."