பேராண்டி படகு வாங்குதான்

ஏலே பேராண்டி, புளோரிடாவுல பாய்மரப் படகு ஒண்ணு வாங்கி, பொண்டாட்டியோட அதுலயே குடியேறப் போறேன்னு சொன்னியாமே. கேட்டதும் எனக்குச் சந்தோசம் தாங்கல. நம்ம வம்சத்துல கடலுக்குப் போனவன் நான் ஒருத்தன்தான். தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கு வெங்காயமும் ஓடும் ஏத்திக்கிட்டுத் தோணியில போனேன், சம்பளம் குடுத்தாங்க. நீ சம்பளத்த விட்டுட்டு, கைக்காசையும் கொட்டிக்கிட்டுப் போறே. படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்.

அதுவும் 36 அடிப் படகு, விலை 80,000 டாலராம். கடன் குடுக்க ஆளு தயாரா நிக்கானாம், 20 வருசத் தவணையாம். சுதந்திரமா இருக்கணுமின்னு கெளம்புதவன் கூடவே இருபது வருசத்துக்கு ஒரு கங்காணியையும் ஏத்திக்கிட்டுப் போறான். துணைக்கு ஆளு வேணுமில்லா, சரிதான்.

கொஞ்சம் கெழவன் சொல்லையும் கேளு. சொந்தக் காசுல வாங்குன படகுல சுக்கான் உன் கையில இருக்கும். கடன்ல வாங்குன படகுல, நீ புடிச்சிருக்கது வெறும் கட்டை. எப்படிங்கே? கடன் குடுத்தவன் முழு இன்சூரன்ஸ் எடும்பான். இன்சூரன்ஸ்காரன் சும்மா இருப்பானா? உங்க ஊருல ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரைக்கும் புயல் சீசன். அந்த ஆறு மாசமும் படகு இந்த எல்லைக்கு அங்கிட்டு இருக்கணும், இங்கிட்டு வரப்படாதுன்னு கோடு கிழிச்சுக் குடுப்பான். பாய்மரத்தப் புடிச்சிருக்க கம்பியெல்லாம் பழசாயிட்டு, மாத்துன்னுவான். ஆள அனுப்பிப் படகச் சோதிக்கணும்பான். காத்து வாடையா கச்சானான்னு பாத்துப் பாய ஏத்துன ஆளு நான். நீ பாலிசியப் பாத்து ஏத்தணும். இதுல இன்னொண்ணு, படகுலயே குடியிருக்கப் போறேன்னு வாயத் தொறந்து சொன்னா பல பேங்குல கடனே குடுக்க மாட்டானாம். ஆக, பொய்யிலதான் பாய் விரிக்கணும்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உள்ள சமாச்சாரம் இல்ல. நம்ம கரையில வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குன மீனவன் தான் புடிச்ச மீனுக்குத் தானே விலை சொல்ல முடியாது. வலை இவன் வலை, வேர்வை இவன் வேர்வை, விலை மட்டும் அவன் விலை. பள்ளிக்கூடம் போகாதவனுக்கே தெரிஞ்ச கணக்கு இது.

பேத்தி ஒரு கதை படிச்சுச் சொன்னா. 1968-ல பிரிட்டன்ல ஒரு பத்திரிகை, ஒத்தையாளாப் பாய்மரப் படகுல எங்கயும் கரை ஏறாம உலகத்தச் சுத்தணுமின்னு பந்தயம் வச்சிருக்கு. டொனால்டு குரோஹர்ஸ்டுன்னு ஒருத்தன். வீட்டையும் தொழிலையும் அடமானமா வச்சு, ஒரு பணக்காரன் காசுல படகு கட்டுனான். பந்தயத்துல இருந்து விலகுனா படகு விலைய நீதான் தரணுமின்னு ஒப்பந்தம். கெளம்பக் கடைசிக் கெடு அக்டோபர் 31, அன்னைக்குத்தான் அரைகுறைப் படகோட கடல்ல எறங்குதான். போன கொஞ்ச நாள்லயே படகு தாங்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. திரும்புனா வீடு போயிரும், முன்னால போனா உசுரு போயிரும். அட்லாண்டிக்குலயே சுத்திக்கிட்டு, அங்க இருக்கேன் இங்க இருக்கேன்னு ரேடியோவுல பொய்ச் சேதி அனுப்பிக்கிட்டு இருந்திருக்கான். 1969 ஜூலையில படகு கெடச்சுது, ஆளு கெடைக்கல. பந்தயத்துல செயிச்ச ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பரிசுப் பணம் 5,000 பவுண்டையும் அந்தக் குடும்பத்துக்கே குடுத்துட்டாரு. அவரு போன படகு 32 அடி, பம்பாயில தேக்குல கட்டுனது. இதுல சிரிக்க ஒண்ணுமில்ல, அதனால மேல போவோம்.

படகு வாங்குன கையோட செலவு முடிஞ்சுதுன்னு நெனைக்காத. விலையில பத்துல ஒரு பங்கு வருசா வருசம் பராமரிப்புக்குப் போவுமின்னு படகுக்காரங்க வச்சிருக்க கணக்கு. உன் படகுக்கு 8,000 டாலர். எங்க தோணிய, காத்து பெலக்கிற மாசத்துல கரையேத்திக் கலப்பத்து அடிப்போம். நீ கிரேன் வச்சுத் தூக்கி, அடியில ஒட்டுன சிப்பியச் சொரண்டி, செம்பு கலந்த பெயிண்டு அடிக்கணும். சிப்பி ஒட்டாம இருக்கத்தான் செம்பு, பெயிண்டு விலையக் கேட்டாத் தங்கமோன்னு தோணும். படகு கட்டுத எடத்துக்கு அடிக்கணக்குல வாடகை, அதுல குடியிருந்தா அதுக்குத் தனி வாடகை. உப்புக்காத்து யார் வீட்டு இரும்பையும் விட்டு வைக்காது.

அப்பொறம் சாமான். நீங்க சாமான் போட்டு வச்சிருக்க வாடகைக் குடோன வீடியோவுல காட்டச் சொல்லி உன் வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். ஷட்டரத் தூக்குனா, கவர் பிரிக்காத இட்லிக் குக்கர் மூணு. போன வீடு மாறும்போது ஒட்டுன டேப்பு அப்படியே இருக்க அட்டைப்பெட்டிக. நடக்கதுக்கு வாங்குன மெசினு, அது கைப்பிடியில தொங்குது கோட்டு. இதெல்லாம் பத்திரமா இருக்க மாசம் 180 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமின்னு நம்மாளு சொன்னது உன் குடோனப் பாத்துத்தான் போல. மனுசனுக்கு வாடகை வீடு கேள்விப்பட்டிருக்கேன், மறந்துபோன சாமானுக்கு ஏசி போட்ட வாடகை வீடு அங்கதான் பாக்கேன்.

அவ கிரைண்டர மட்டும் விடமாட்டேங்கா. தாராளமாக் கொண்டு போங்க. படகு ஒருச்சாஞ்சு ஓடும்போது கல்லு ஒரு பக்கம் இருக்கும், மாவு கூரையில இருக்கும்.

சாமான் கம்மியா கடலுக்குப் போன ஒருத்தன் கதையும் கேட்டுக்க. ஜோஷுவா ஸ்லோகம்னு ஒரு கப்பல் கேப்டன், உங்க நாட்டுக்காரன்தான். கூட்டாளி ஒருத்தன் கேலிக்குக் குடுத்த இத்துப்போன படகு, வயக்காட்டுல கெடந்தது. மரம் வெட்டி, பலகை மாத்தி, 13 மாசம் தானே பாடுபட்டுப் புதுசாக்குனான். செலவு 553 டாலர் 62 சென்டு. சென்டு வரைக்கும் கணக்கு வச்சிருக்கான் பாத்தியா? நடுநடுவுல துறைமுகத்துல கூலி வேலைக்கும் போயிருக்கான். 1895-ல பாஸ்டன்ல கெளம்பி 1898-ல திரும்பினான், ஒத்தையாளா ஒலகத்தச் சுத்துன மொத ஆளு. மணி பாக்க அவன் வாங்குன கடிகாரம் ஒண்ணரை டாலர். முகப்பு ஒடஞ்சிருக்குன்னு பேரம் பேசி ஒரு டாலருக்கு வாங்கினான். நீ கையில கட்டியிருக்க வாச்சு தூக்கத்தக் கூட அளக்குமாம். கடன முடிச்சிட்டா அதத் தனியா அளக்க வேண்டியதில்ல.

எந்தக் கடன மொதல்ல அடைக்கங்கே. சின்னத மொதல்ல அடைச்சா மனசு நெறையும், வட்டி கூடுனத மொதல்ல அடைச்சா பை நெறையும். உனக்கு மனசு ஏற்கெனவே நெறஞ்சுதான் இருக்கு, பையப் பாரு. கார்டுல 10,000 டாலர் நிக்கி, வருசத்துக்கு 24 சதவீதம். தூத்துக்குடி பஜார்ல அதுக்கு ரெண்டு வட்டிம்பாங்க, நூத்துக்கு மாசம் ரெண்டு. அசலு அசையாம மாசம் 200 டாலர் போவுது. நம்மூர்ல ரெண்டு வட்டிக்கு வாங்குனவன் தெருவுல தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவான். உனக்குக் கார்டுக்காரன் பாயிண்டு குடுக்கான், ஏர்போர்ட்டுல ஓசிக் காப்பி குடுக்கான், நீ நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போறே. மொதல்ல அத முடி. அடுத்தது கார். கடலுக்குப் போறவனுக்கு ரெண்டு கார் எதுக்கு, நங்கூரத்துக்கா? வித்து அந்தக் கடனக் கழி. வீட்ட விக்கது கடைசி. வித்தாலும் வர்ற காச முழுக்கப் படகுல போடாம, ஆறு மாசச் செலவக் கரையில வச்சிட்டுப் போ.

அதுக்கும் முன்னால ஒரு ஒத்திகை வேணும். ஒரு வருசம் ஒருத்தர் சம்பளத்துல ரெண்டு பேரும் சாப்பிடுங்க, இன்னொரு சம்பளம் முழுக்கக் கடனுக்கு. வீட்டுல ஒரே ஒரு ரூமுல இருந்து பாருங்க, குளிக்க ஆளுக்கு ஒரு வாளித் தண்ணி. கோவம் வந்தா அடுத்த ரூமுக்குப் போகக் கூடாது. படகுல அணியத்துல இருந்து அமரம் வரைக்கும் 36 அடிதான், அதுக்கு மேல கோவிச்சுக்கிட்டுப் போனா நீந்தணும். வருசம் முடியும்போது ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தா, ஒரு வாரம் வாடகைப் படகு எடுத்துப் பாருங்க. அப்பவும் ஆசை அடங்கலேன்னா அது நெசமான ஆசைதான். அப்ப 80,000 டாலர் படகு கேக்காது, பாதி விலையில பழசு ஒண்ணு போதுமின்னு நீயே சொல்லுவே. மடியில கனமில்லேன்னா வழியில பயமில்ல, கடல்ல கூடத்தான்.

அப்பொறம், முன்பணத்துக்கு நம்ம பனைவிளைய வித்துக் குடுக்கச் சொல்லி உங்க அம்மாகிட்ட தூது விட்டிருக்கியாமே. வித்துருவோம், அதுக்கென்ன. கார்டுக் கடன் முடிஞ்ச சீட்டையும், குடோன் சாவிய ஒப்படைச்ச சீட்டையும் அனுப்பு, மறுநாளே பத்திர ஆபீசுல நிக்கேன். அதுவரைக்கும் பொறுக்க முடியாதுன்னா நானே கைமாத்துத் தாரேன். ரெண்டு வட்டிதான். சொந்தக்காரன்ங்கதால பாயிண்டு கெடையாது.