ஏஜில் பாப்பாவின் தாய்மாமனுக்கு

வாஷியில் அடையாள அட்டை பதியும் பெருமைமிகு கவுண்டர் மாமா அவர்களுக்கு,

வலிய உறவு கொண்டாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் பெயர் சூட்டுவது தாய்மாமன். 'எழில்' என்று நாங்கள் வைத்த பெயரை மராட்டியில் 'ஏஜில்' என்று நீங்கள் சூட்டியிருக்கிறீர்கள். ஏ, ஜில்! சோடாக்காரரைக் கூப்பிடுவது போல என்ன ஒரு குளுமை!

பாலினம்: பெண். விண்ணப்பத்தில் 'ஆண்' என்றுதான் குறித்திருந்தேன். பையனும் என் இடுப்பில்தான் இருந்தான். நீங்களோ பெயரை வைத்தே முடிவுகட்டிவிட்டீர்கள். பெண்ணென்றால் மாமாவுக்குத்தானே செலவு? சடங்குக்குப் பட்டும் சீர்த்தட்டும் இப்போதே சேர்த்து வையுங்கள்.

எழில் என்றால் அழகு. அதில் ஆணென்ன, பெண்ணென்ன? 'துள்ளாத மனமும் துள்ளும்' எடுத்த எழில் ஆண். எனக்குக் கணக்கு எடுத்த எழில் டீச்சர் பெண். கிரண் பேடியும் விக்கெட் கீப்பர் கிரண் மோரேயும் ஒரே பெயரில் வாழவில்லையா, மாமா?

மராட்டியில் 'ழ' வராதாம். திலகர் பெயரில் உங்கள் 'ள'வை இந்திக்காரர் 'ல' ஆக்கினால் உங்களுக்குச் சுருக்கென்கிறதே! அதே 'ள'வின் அடியில் ஒரு புள்ளி வைத்தால் 'ழ'. தேவநாகரி யுனிகோடில் அதற்கு இடமே இருக்கிறது. வெறும் 'ள' போட்டிருந்தால்கூட, எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று வாயை மூடியிருப்பேன். ஆங்கில எழுத்துக்கூட்டல் குழப்பியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டு அரசே 2020-ல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றிவிட்டு, சில நாளில் வாபஸ் வாங்கியது.

ஆனால் திருத்தம் கேட்டு வந்தபோது, 'மதராசிப் பெயரெல்லாம் இப்படித்தான், வேறு பெயர் வையுங்கள்' என்று வரிசையே பார்க்கச் சிரித்தீர்களே, அது என்ன சிரிப்பு? தாராவியில் தாத்தா, செம்பூரில் அப்பா, வாஷியில் நான். உங்கள் பெயர்களை ஒரு சுழி பிசகாமல் சொல்லத்தானே மூன்று தலைமுறையாகப் பழகியிருக்கிறோம்? ஒரு பிள்ளையின் பெயரைக் காதுகொடுத்துக் கேட்டு எழுத உங்களுக்கு என்ன கேடு?

போகட்டும். மாமன் மச்சானுக்குள் இதெல்லாம் சகஜம். வரும் ஞாயிறு பிள்ளைக்குக் காதுகுத்து. மாமா மடி அவசியம். தங்கத்தில் ஒரு ஜோடி கம்மலும் அவசியம். நாங்கள் ஆண்பிள்ளைக்கும் காது குத்துகிறவர்கள். ஆகையால் பாலினத் திருத்தம் முடியட்டும் என்று தாங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஏஜிலின் அப்பா