படத்தில் நரைக்கக் கூடாது

எங்கள் ஊர் புக்கிட் ரோத்தானில் காலமான யாருக்கும் நரை கிடையாது. சந்தேகமிருந்தால் எந்த வீட்டுக் கூடத்திலும் போய்ப் பாருங்கள். 78 வயதில் போன பாட்டி, மாலைக்குள்ளிருந்து 28 வயதுக் கூந்தலோடு பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கூந்தல்களில் கணிசமானவை என் கைவேலை.

தொழில் என்று சொல்ல முடியாது. தெரிந்தவர் வீட்டில் துக்கம் என்றால், பழைய ஐசி (அடையாள அட்டை) படத்தையோ, கல்யாணக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் பாதி மறைந்து நிற்கும் முகத்தையோ கொண்டுவந்து, “பதினாறாம் நாளுக்குள்ள வேணும்லா” என்பார்கள். கிரிட்டா என்று காசு வாங்காத மென்பொருள் ஒன்று இருக்கிறது. அது வாங்காததால் நானும் வாங்குவதில்லை. அதில் வரைந்து கொடுப்பேன். முகம் சீக்கிரம் முடிந்துவிடும். வம்பெல்லாம் முடியில்தான்.

“கருப்பு முடிதானே, கருப்பை ஊத்து” என்பது பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவர்களின் கருத்து. சுத்தக் கருப்பை ஊற்றினால் தாத்தா மோட்டார் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சொர்க்கத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கும். அடி நிறம் கரும்பழுப்பாக இருக்க வேண்டும். அதற்கு மேல் கண்ணாடித்தாள் மாதிரி இன்னொரு லேயர் போட்டு, கோட்டைத் தாண்டி வழியாதபடி அடி லேயரோடு கிளிப் செய்து, ‘மல்டிப்ளை’யில் வைத்து, கொஞ்சம் ஊதா கலந்த சாம்பலால் நிழல் கொடுப்பேன். மல்டிப்ளை கீழே இருக்கும் நிறத்தைக் கொல்லாமல் இருட்டாக்கும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வகிடு ஓரத்திலும் இருட்டு கூடும். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும், ஒவ்வொன்றாக இழுக்கக் கிளம்பினால் பதினாறு அல்ல, முதல் திவசமே வந்துவிடும். நாலைந்து பெரிய கற்றையாகப் பிரித்துக்கொண்டு, நெற்றியோரம் அடங்காமல் பறக்கும் சில முடிகளை மட்டும் கடைசியில் தனியாக இழுத்துவிட்டால் போதும், கண் மிச்சத்தைத் தானே எண்ணிக்கொள்ளும்.

நிறங்களைக் கலக்கும் ஸ்மட்ஜ் பிரஷ் ஒரு போதை. தேய்க்கத் தேய்க்கச் சுகமாக இருக்கும், நிமிர்ந்து பார்த்தால் முடி பிளாஸ்டிக் ஆகியிருக்கும். கற்றை வளையும் இடத்தில் தேய்க்கலாம். ஒன்றின் மேல் இன்னொன்று விழும் ஓரத்தைத் தொடவே கூடாது.

அடுத்தது மினுக்கம். முடியில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ஸ்டீபன் மார்ஷ்னரும் சகாக்களும் அளந்து 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி விளக்கின் நிறத்திலேயே திரும்பும். உள்ளே புகுந்து எதிர்ச்சுவரில் மோதித் திரும்புவது முடியின் நிறத்தைச் சுமந்துகொண்டு வரும். இரண்டும் ஒரே இடத்தில் விழாமல் சற்று விலகி விழும். அதனால் மினுக்கத்தை ஒரே வெள்ளைக் கோடாக இழுக்காமல், வெளிச்சத்தை ஒட்டி ஒரு பழுப்புப் பட்டை கொடுத்தால் தலைக்கு உயிர் வரும். கருகரு முடியில் உள்ளே போன ஒளி பெரும்பாலும் திரும்புவதில்லை. மேலே பட்டதுதான் மிச்சம், அது வானத்தைக் காட்டி நீலமாக மினுங்கும். மளிகைக் கடைக் காலண்டரில் லட்சுமிக்கு நீலக் கூந்தல் போட்டவர்கள் 2003 வரை காத்திருக்கவில்லை. தேங்காயெண்ணெய் கண்ட தலையென்றால் மினுக்கத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். எண்ணெய்த் தலையோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எங்கள் பாட்டிகளுக்கு நான் அந்த ஓரத்தை மங்கலாக்குவதே இல்லை.

முடி வரையும் கஷ்டம் தெரிந்தவர்கள் ‘உப்பின் இப்பின்’ என்ற மலேசியக் கார்ட்டூனை எடுத்தவர்கள்தான் என்று எனக்கு ஓர் எண்ணம். 2012-இல் வந்த ‘பிரேவ்’ படத்தின் மெரிடாவுக்கு பிக்சார் 1,500-க்கும் மேற்பட்ட சுருள்களை வைத்து, அவற்றை அசைக்கத் தனி மென்பொருளும் எழுதியது. நம்மவர்கள் 2007-இலேயே இரட்டைப் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து உச்சியில் ஒரே ஒரு கற்றை வைத்தார்கள். அதுவும் உப்பினுக்கு, இப்பினுக்கு மொட்டை. யார் புத்திசாலி?

நரைக்கு வருவோம். ஒருமுறை ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் அப்பாவின் தலையையும் மீசையையும் சேர்த்துக் கருப்பாக்கச் சொன்னார்கள். செய்து காட்டினேன். பின்னாலிருந்து அவர்களுடைய அம்மா எட்டிப் பார்த்தார். “நான் கல்யாணம் கட்டி வந்தப்பவே அவருக்கு ரெண்டு பக்கமும் நரை. இது யாருப்பா? இவருக்கு எதுக்கு நான் மாலை போடணும்?”

நரையைச் சாம்பல் நிறம் பூசிக் கொண்டுவர முடியாது. நிறமி போன வெள்ளை முடி, போகாத கருப்பு முடிகளுக்கு நடுவே நிற்கிறது, தூரத்திலிருந்து பார்க்கும் கண்தான் இரண்டையும் கலந்து சாம்பல் என்கிறது. எனவே கருப்பை அப்படியே விட்டுவிட்டு, பொட்டோரத்தில் மெல்லிய வெளிர் கோடுகளைத் தனி லேயரில் இழுத்தேன். கோல சிலாங்கூர் புக்கிட் மலாவத்தியில் வேர்க்கடலைக்கு வரும் வெள்ளிக் குரங்குகளைப் பாருங்கள், இதே கணக்குதான்: அடியில் இருட்டு, நுனியில் வெள்ளி. அவற்றின் குட்டி பளீர் ஆரஞ்சு நிறத்தில் பிறந்து, சில மாதங்களில் யாரையும் கேட்காமல் சாம்பலாகிவிடுகிறது. எங்கள் தாமான் பையன்கள் கருப்பாகப் பிறந்து, சலூனில் வெள்ளி எண்ணிக் கொடுத்து ஆரஞ்சாகிறார்கள்.

தனி லேயரில் இழுத்ததுதான் வசதியாகப் போயிற்று. மகன்கள் வந்தால் அந்த லேயருக்குப் பக்கத்திலிருக்கும் கண் பொத்தானை அமுக்கி நரையை மறைப்பேன், அம்மா வந்தால் திறப்பேன். ஒருநாள் மூவரும் சேர்ந்து வந்துவிட்டார்கள். நரை எத்தனை சதவீதம் தெரியலாம் என்று ஒபாசிட்டி பேரம் தொடங்கியது. மூத்தவர் 20 சதவீதம் என்றார், அம்மா 80-இல் நின்றார், தம்பி தலைக்கு 50 தருவதாகவும் மீசையில் கைவைக்கக் கூடாது என்றும் சொன்னார். கடைசியில் தலை 60, மீசை 10 என்று முடிந்தது. அப்படி நரைத்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் அம்மாவுக்குத் திருப்தி.

இனி படம் கேட்டு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பாதீர்கள். அது சுருக்கி அனுப்புவதில் இருட்டுப் பகுதி சிதைந்து, கருப்பு முடி கட்டம் கட்டமாக வந்து சேர்கிறது. ‘டாக்குமெண்ட்’ என்று போட்டு அனுப்புங்கள். நரை எத்தனை சதவீதம் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு, ஒருவர் மட்டும் வாருங்கள்.